வெள்ளிக்கிழமை வைத்த எண்ணெய்

என் மருமகள் என்ன படிக்கிறாள் என்று ஊரில் யாராவது கேட்டால் எனக்கு உடம்பு கூசும். சரியாகச் சொல்லத் தெரியாது. தெரிந்த மட்டும் சொன்னாலும் சிரிப்பார்கள். மூளையில் ஓடுகிற கரண்ட்டை மண்டைக்கு வெளியே இருந்து பிடித்து, அதை வைத்து ஒரு இயந்திரத்தை வேலை செய்ய வைக்கிற படிப்பு. நரம்பியல் பொறியியல் என்று நோட்டில் எழுதிக் காட்டினாள். நான் ஐந்தாவது வரைக்கும் போனவள். எழுத்துக்கூட்டிப் படித்தேன், அவ்வளவுதான்.

பால் சொசைட்டியில் ஒருத்தர் கேட்டார். "ஏனுங்க, உங்க மருமக பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டருக்குப் படிக்குதாமா?"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டுக் கேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் அதைச் சொன்னதும் அவளுக்குப் புரை ஏறுகிற மாதிரி சிரிப்பு. "உடுங்க அத்தை, கால்வாசி சரிதான்" என்றாள்.

எனக்கு மூன்று வருசத்துக்கு முன்னால் வாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கால் திரும்பி வந்தது, கை வரவில்லை. விரல் ஐந்தும் உள்ளே மடங்கிக்கொண்டு கிடக்கும். இடது கையால் பிரித்துவிட்டால் பிரியும், விட்டதும் பழையபடி மடங்கும். இதை எழுதுவதும் இடது கைதான். அதனால் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

அவள் கல்யாணத்துக்கு முன்பே ஆஸ்பத்திரிச் சாமான் செய்கிற இன்ஜினியர் படிப்பு முடித்தவள். வந்து ஒரு வருசம் சும்மா இருந்துவிட்டு, மேலே இரண்டு வருசம் படிக்கிறேன் என்றாள். என் மகன் போர்வெல் ரிக்கில் டிரில்லர். வடக்கே போனால் ஆறு மாதம், எட்டு மாதம் கழித்துத்தான் முகத்தைப் பார்க்கலாம். "நான் இல்லாத ஊட்டுல அவ என்ன செய்வா, படிக்கட்டும்" என்றான். சேலம் ரோட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. முதல் வருசத்துக் கட்டணம் அவன் சம்பளத்திலும், நாலு மாட்டில் இரண்டை விற்றதிலும் போனது.

இரண்டாவது வருசத்துக்கு வழி இல்லாமல் போய்விட்டது. வடக்கே மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் ரிக் நகராது, ரிக் நகராவிட்டால் சம்பளம் இல்லை. மகன் போனில், "ஒரு வருசம் நிக்கட்டும்மா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றான். அவள் பக்கத்தில்தான் நின்றாள். கல்யாணமான பெண்ணுக்கு அடுத்த வருசம் என்பது வராத வருசம் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய மேடம் ஒரு வழி சொன்னார்கள். கை கால் விளங்காதவர்களுக்குச் சாமான் செய்கிற கம்பெனி ஒன்று ஒரு பிள்ளைக்கு மட்டும் ஒரு வருசத்துக் கட்டணம் பூராவும் கட்டும். கம்பெனிக்காரர்கள் முன்னால், நிஜமாகவே கை விளங்காத ஒரு ஆளை உட்கார வைத்து, செய்த பொருளை ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த மாதக் கடைசிக்குள் கட்டணம் கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

கை விளங்காத ஆள் அவளுக்கு வீட்டிலேயே இருந்தது.

பழக்கத்துக்காக நாலு தடவை என்னைக் கூட்டிப்போனாள். தலையில் ஒரு துணித் தொப்பி. அதில் அங்கங்கே சின்னச் சின்னக் கிண்ணம் மாதிரி ஓட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு பசையை விட்டு, அது மண்டைத் தோலில் படுகிற மாதிரி அமுக்குவாள். எதிரில் இருக்கும் திரையில் என் தலை படமாகத் தெரியும், கிண்ணத்துக்கு ஒரு புள்ளி. நன்றாகப் பிடித்தால் புள்ளி பச்சையாகும், பிடிக்காவிட்டால் சிவப்பாகவே நிற்கும். எல்லாம் பச்சையான பிறகு வலது கையில் ஒரு உறையை மாட்டுவாள். "கையைப் பிரிக்கோணும்னு நெனைங்க அத்தை" என்பாள். நினைப்பேன். உறைக்குள் ஏதோ இழுத்து, என் விரல் தானாகப் பிரியும். முதல் தடவை பிரிந்தபோது நான் அழுதுவிட்டேன். அழுதால் திரையில் ஓடுகிற கோடெல்லாம் ஆடுகிறது, அழாதீங்க என்று திட்டினாள்.

ஒரே ஒரு கட்டளைதான். தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காது. முந்தின நாள் அரப்புத் தூள் போட்டு அலசிவிட்டு, வெறும் தலையோடு வரவேண்டும். நாலு தடவையும் அவள் கூடவே இருந்தாள், முக்காடு போட்டுக்கொண்டு போய் வந்தேன்.

இதற்கு நடுவில் இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். அதை எழுதாவிட்டால் மற்றது விளங்காது. என் வீட்டுக்காரரின் தங்கை இரண்டு வீடு தள்ளி இருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு எனக்குப் பேச்சுத்துணை அதுதான். ஒரு நாள் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டது. "ஏனுங் நங்கை, மருமக இப்படியே படிச்சுட்டே இருந்தா எப்பத்தான் கொழந்தை பெத்துக்கறது?" அண்ணன் பெண்டாட்டி என்பதால் என்னை அது நங்கை என்றுதான் கூப்பிடும்.

நானும் வாய் தவறி, "அதையேதான் நானும் நெனைக்கறேன் அம்மிணி. நின்னு போனாலும் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன்.

திரும்பினால் மருமகள் சாணிக் கூடையோடு நிற்கிறாள். கேட்டாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பதினைந்து நாள் அவள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். கேட்டிருக்கிறாள் என்று அதில் தெரிந்துகொண்டேன்.

கம்பெனிக்காரர்கள் வருகிற நாள் வெள்ளிக்கிழமையாக வந்தது. அவள் சாமானைத் தயார் செய்ய வியாழக்கிழமையே போய் விடுதியில் தங்கிக்கொண்டாள். நான் மட்டும் தனியாக பஸ் ஏற வேண்டும். பக்கத்தில் இருக்கிற வேலூரில் ஏறி நாமக்கல்லில் மாறினால் சேலம் பஸ். வழக்கம்போல முந்தின நாளே அரப்புப் போட்டு அலசியிருந்தேன். காலையில் சீவிப் பார்த்தேன். முடி பஞ்சு மாதிரி எழும்பி நின்றது, எந்தப் பக்கமும் படியவில்லை.

மாட்டைப் பார்த்துக்கொள்ள வந்த நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டது.

"இதென்னுங் நங்கை கோலம்? எழவு ஊட்டுக்கா போறீங்க?"

"எண்ணெய் ஆகாதுன்னு மருமக சொல்லியிருக்குது அம்மிணி."

"வெள்ளிக்கெழமை அதுவுமா பெரிய மனுசங்க முன்னால இப்படியா போய் உக்காருவீங்க? எங்கண்ணனைத் தூக்குன அன்னிக்கு இப்படித்தான் தலையை விரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருந்தீங்க. அந்தப் புள்ளைக்கு நல்லது நடக்கோணும்னு போறீங்களா, கெட்டுப் போகோணும்னு போறீங்களா?"

அவரைத் தூக்கிய நாள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் மட்டும்தான் பெண்கள் எண்ணெய் காணாத தலையோடு உட்காருவார்கள். அப்படி ஒரு தலையோடு போய் அவள் காரியத்தின் நடுவில் உட்கார்ந்து, காரியம் கெட்டுப்போனால்?

மாடத்தில் விளக்கெண்ணெய்க் கிண்ணம் இருந்தது. இரண்டு விரலால் தொட்டு உச்சியில் வைத்தேன். படியவில்லை. இன்னும் கொஞ்சம் வைத்துத் தேய்த்தேன். பிறகு துண்டால் மேலாகத் துடைத்தேன். "இப்பத்தான் மனுசி மாதிரி இருக்கறீங்க" என்று நாத்தனார் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட வந்தது.

நாமக்கல் தாண்டியதும் வெயில் ஏறியது. காதோரம் ஒரு சொட்டு எண்ணெய் வழிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதுச்சத்திரத்தில் பஸ் நின்றபோது இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். இறங்கி என்ன செய்வது? எங்கே தண்ணீர் கேட்பது? யாரிடம் என்னவென்று சொல்வது? கண்டக்டர், "ஏம்மா, எறங்கறீங்களா இல்லியா?" என்று அதட்டினார். உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம்தானே வைத்தோம், பிடித்தாலும் பிடிக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அவள் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? நேத்து தலைக்கு ஊத்துனீங்களா?"

"ஊத்துனேன் சாமி."

அது நிஜம். நிஜத்தைச் சொல்லியே மிச்சத்தை மறைத்துவிட்டேன். மற்ற நாளென்றால் முடிக்குள் விரலை விட்டுப் பார்த்திருப்பாள். அன்று நேரமில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அந்த அறையில் மேடமும் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒருத்தர் நரைத்த தலை, இன்னொருத்தர் சின்ன வயசு. அவர்கள் பார்க்கப் பார்க்க அவள் தொப்பியை மாட்டினாள். அவள் கையில் ரப்பர் உறை. அந்த உறைக்குப் பசை எது, எண்ணெய் எது என்று தெரியாது. ஒவ்வொரு கிண்ணமாகப் பசை விட்டு அமுக்கினாள்.

திரையைப் பார்த்தேன். எல்லாம் சிவப்பு.

திரும்ப அமுக்கினாள். நெற்றிப் பக்கம் ஒன்று பச்சையானது. உச்சி முழுக்கச் சிவப்பு. கை அசைவுக்கு உச்சிதான் வேண்டும் என்று முன்னே சொல்லியிருக்கிறாள்.

"கேபிளை மாத்திப் பாரு" என்றார் மேடம்.

"மாத்திட்டேன் மேடம்."

"வேற பசை இருக்கா?"

"புது ட்யூப்தான் மேடம், இன்னைக்குத்தான் பிரிச்சேன்."

சின்ன வயசுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேத்து ஓடுச்சுன்னு சொன்னீங்க?"

"ஓடுச்சு சார். என் தலையில வெச்சுப் பாத்தேன். நல்லா ஓடுச்சு."

"ரெண்டு மணிக்கு நாங்க ஈரோட்டுல இருக்கணும்."

அவள் இயந்திரத்தை அணைத்துத் திரும்பப் போட்டாள். குனிந்து அடியில் இருந்த வயரை எல்லாம் பிடுங்கி மாட்டினாள். எழுந்தபோது மேசை விளிம்பில் தலை இடித்தது, தடவிக்கொள்ளக்கூட இல்லை. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கே கோளாறு என்று அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். வாயைத் திறக்கப் பார்த்தேன். நாலு பேர் முன்னால் நான் சத்தமாகப் பேசினதே கிடையாது. என் கல்யாணத்தில்கூட ஆமாம் என்று தலையை ஆட்டியவள் நான். அதைவிடவும் ஒன்று இருந்தது. சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? நின்று போனாலும் நல்லதுக்குத்தான் என்று சொன்ன வாய் இது.

மேடம் மெதுவாக, "உன் ஆம்ப்ளிஃபையர்தான் போயிருக்குது போல. இன்னைக்கு உட்டுரலாம்மா" என்றார்.

"இன்னும் அஞ்சு நிமிசம் மேடம்" என்றாள் அவள். குரல் உடைந்துவிட்டது.

"எண்ணெய்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. சின்ன வயசுக்காரர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"எண்ணெய் வெச்சுட்டு வந்துட்டேனுங்க! தலையில வெளக்கெண்ணெய் இருக்குதுங்க. சாமான்ல ஒண்ணும் இல்லீங்க, அந்தப் புள்ளை மேல ஒண்ணும் இல்லீங்க!"

நான் கத்திவிட்டேன் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. அவள் வயரைக் கையில் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்கு வார்த்தை இல்லை.

சின்ன வயசுக்காரர் சிரித்துவிட்டார். நரைத்த தலைக்காரர் சிரிக்கவில்லை. "எங்க போயும் சாப்பிடத்தானே போறோம். இங்கயே சாப்பிடலாம். முக்கால் மணி நேரம் போதுமா?" என்று அவளைக் கேட்டார். "போதும் சார்" என்றாள். போதாது என்று அவளுக்குத் தெரியும்.

விடுதியின் பின்னால் துணி துவைக்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். விளக்கெண்ணெய் லேசில் போகாது. ஷாம்பூ போட்டாள், வழுக்கியது. திரும்பப் போட்டாள். பிறகு சமையல்கட்டுக்கு ஓடிப்போய்ப் பாத்திரம் கழுவுகிற சோப்பை வாங்கி வந்து அதைப் போட்டுத் தேய்த்தாள். நகம் தோலில் பட்டது. நான் குனிந்தே இருந்தேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தத்துக்கு நடுவில் கேட்டாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கறேன். வேணும்னு வெச்சீங்களா?"

"இல்ல சாமி."

"வெக்காதீங்கன்னு அத்தனை தடவை சொன்னேனே. அப்பறம் ஏன் வெச்சீங்க?"

நாத்தனார் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சு அற்றுப்போகும். அவள் போய்ச் சண்டை பிடிக்கிற ரகம், அது விட்டுக்கொடுக்காத ரகம். "தெரியாம வெச்சுட்டேன்" என்றேன். அடுத்த சொம்புத் தண்ணீர் கொஞ்சம் வேகமாகத்தான் விழுந்தது.

யாரோ ஒரு பிள்ளையின் முடி உலர்த்தும் மெஷினை வாங்கிக் காய வைத்தாள். திரும்பப் போனபோது முக்கால் மணி நேரம் தாண்டிவிட்டது, இரண்டு பேரும் இருந்தார்கள். தொப்பி, பசை. பச்சை, பச்சை, பிடரியில் இரண்டு மட்டும் சிவப்பு. "இது போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பத்துத் தடவை நினைக்கச் சொன்னார்கள். முதல் மூன்று தடவை ஒன்றும் நடக்கவில்லை. என் நெஞ்சு அடிக்கிற அடியில் கோடெல்லாம் குதித்தது. நாலாவதில் விரல் பிரிந்தது. ஐந்தாவதில் இல்லை. கடைசியில் கணக்குப் பார்த்தால் ஐந்து தடவை பிரிந்திருந்தது. பழகும்போது எட்டு வரும்.

நரைத்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "கையைப் பிரின்னு சொன்னா நீங்க மனசுல என்னம்மா நெனைப்பீங்க?"

வெட்கமாக இருந்தது. "கன்னுக்குட்டிக் கவுத்தைப் புடிச்சிருக்கற மாதிரியும், அது இழுக்கற இழுப்புக்கு உட்டுடற மாதிரியும் நெனைப்பேனுங்க."

அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்து, "எங்க பொருளை வாங்கற வீட்டுல எல்லார் தலையிலயும் எண்ணெய் இருக்கும். அவங்களையும் பாத்திரம் கழுவற சோப்பு போடச் சொல்லுவியா?" என்று கேட்டார்.

"யோசிக்கலை சார்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். அது நல்ல ஆட்டலா கெட்ட ஆட்டலா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

திரும்பும்போது அவளும் என்னோடு வந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். என் போன் அடித்தது. எனக்கு ஒரு கையால் காதில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார முடியாது என்று அவளே வாங்கி, எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்துப் பிடித்தாள். நாத்தனார்.

"நங்கை, என்னாச்சு?"

"முடிஞ்சுதுங்க சின்னம்மா. பதில் பின்னால சொல்லுவாங்களாம்" என்றாள் மருமகள்.

"நல்லதாத்தான் வரும் சாமி. உங்கத்தை வெறுந்தலையோட கெளம்பி நின்னுது. நாந்தேன் சத்தம் போட்டு எண்ணெய் வெக்கச் சொல்லி அனுப்பிச்சேன். இல்லீன்னா எழவு ஊட்டுக்கு வந்தாப்பல அங்க வந்து உக்காந்திருக்கும்!"

மருமகள் என்னைப் பார்த்தாள். எனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சண்டை பிடிக்கப்போகிறாள் என்று அவள் முழங்காலை அழுத்திப் பிடித்தேன்.

"சரிங்க சின்னம்மா" என்று சொல்லிப் போனை வைத்தாள். என் பக்கம் திரும்பி, "சொல்லியிருக்கலாமல்ல?" என்றாள். பிறகு என் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அன்று முதல் பழையபடி என்னோடு பேச ஆரம்பித்தாள். அதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது.

பத்து நாள் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். கட்டணத்துக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்போது மேடம் கூப்பிட்டார்கள். கம்பெனி கட்டுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை. எண்ணெய்த் தலையிலும் பிடிக்கிற மாதிரி செய்ய வேண்டும், அதற்கு வருசம் பூராவும் நானே வந்து உட்கார வேண்டும். நடுவில் ஆள் மாற்றக் கூடாது.

மறுநாளே போனோம். முன்னே பழக்கத்துக்கு வந்தபோது கையெழுத்துப் போட்ட சம்மதப் பத்திரம் ஒரு தாள்தான். இது எட்டுப் பக்கம். மேடம் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார்கள். "இந்த ஆய்வில் நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் கலந்துகொள்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்." படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்கள். "உங்க சொந்த விருப்பம்தானுங்களாம்மா? மருமக சொல்லுச்சுன்னு போடக் கூடாது. நீங்க நடுவுல நின்னா இவ படிப்பும் நின்னுரும், அதனால கேக்கறேன்."

பேனா இடது கையில் இருந்தது. என்னால் போட முடியவில்லை. "ஒரு நிமிசங்க" என்று சொல்லி அவளை வராந்தாவுக்குக் கூட்டிவந்தேன்.

"அன்னிக்கு வேணும்னு வெச்சீங்களான்னு கேட்டே. இல்லைன்னேன். அது பூரா நெசமில்ல சாமி."

அவள் கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு நல்லது நடக்கோணும்னுதான் வெச்சேன். ஆனா முதல்ல வெச்சதுக்கே உன் சின்னம்மா போதும்னு சொல்லியிருக்கும். இன்னுங் கொஞ்சம் எடுத்து வெச்சது நானு. எடுக்கையில, இது பிடிக்காம போனா நீ ஊட்டோட இருப்பே, ஒரு பேரன் பேத்தி பொறக்கும்னு மனசுல ஒரு ஓரத்துல ஓடுச்சு. ஓடலைன்னு சத்தியம் பண்ண என்னால ஆவாது."

வராந்தாவில் பிள்ளைகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். கண் கலங்கியது, ஆனால் அழவில்லை.

"இப்பவும் ஓடுதுங்களா?"

"ஓடுது. ஒரேயடியா போயிருச்சுன்னு சொன்னா பொய்யி."

"அப்ப நல்லா யோசிச்சுக்கங்க அத்தை. கையெழுத்துப் போட்டுட்டா வாரம் ஒருக்கா வரோணும். மழை பேஞ்சாலும் வரோணும், மாடு கன்னு போட்டாலும் வரோணும். சின்னம்மா என்ன சொன்னாலும் வரோணும். நடுவுல உட்டுட்டுப் போனீங்கன்னா நான் உங்களோட பேசவே மாட்டேன்."

"வாரேன்."

"நெசமாவா?"

"வாரேன்னு சொல்றேனல்ல."

உள்ளே போனோம். மேடம் பழையபடி கேட்டார்கள். "என் விருப்பந்தானுங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. இடது கையால் எழுதும்போது தாள் நகரும். அவள் குனிந்து இரண்டு ஓரத்தையும் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஒரு பக்கம் முடிந்ததும் அடுத்ததைப் புரட்டினாள். எட்டுப் பக்கத்துக்கும் போட்டு முடிக்க ரொம்ப நேரம் பிடித்தது.